எண்ணிக்கை சரி

போகும்போது பதினொன்று. திரும்பும்போது பன்னிரண்டு.

அவள் இன்னொரு முறை எண்ணினாள். படகின் பின்கோடியில் நின்றபடி, தனக்கு முன்னால் நான்கு வரிசையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களின் பின்னந்தலைகளை, விரல் நீட்டாமல் கண்ணாலேயே ஒவ்வொன்றாகக் கடந்து போனாள். இரண்டு வெள்ளைத் தொப்பிகள், வெயிலில் சிவந்த ஒரு வழுக்கை, ஈரம் சொட்டும் பின்னல், ஒன்றோடொன்று சாய்ந்துகிடந்த புதுமணத் தம்பதியின் தலைகள், துண்டால் முக்காடு போட்ட ஒருத்தி. முடிக்கும்போது மறுபடியும் பன்னிரண்டுதான். எந்தத் தலை அதிகம் என்று கேட்டால் அவளால் காட்ட முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் காலையில் ஏறிய தலைகள். கூட்டிப் பார்த்தால்தான் ஒன்று மிஞ்சியது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று முன்னால் சுக்கானைப் பிடித்திருந்தவர் திரும்பாமல் கேட்டார். வந்தாச்சு என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சுக்கான் பிடித்தவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாழ்நாளில் ஓட்டிய ஒரே கப்பல் இந்தப் பதினாறு பேர் படகு. இருபது வருட மோட்டார் சத்தத்தில் அவருக்கு ஒரு காது முழுதாகப் போய்விட்டது. இன்னொன்று அவருக்கு இஷ்டம் இருந்தால் கேட்கும்.

தீவு சின்னது. ஒன்றரை மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். ஆனால் நான்கு நாள் தங்க வந்தவர்களை ஒன்றரை மணி நேரத்தில் ஊருக்கு அனுப்ப முடியாதே. அதனால் விடுதி வாசலில் ஒரு கரும்பலகை. 'பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு எட்டு வரிகள். கண்ணாடிப் படகு, கலங்கரை விளக்கத்தின் நூற்று நாற்பது படிகள், ஆமை மேயும் புல்வெளி, முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மீன் பார்ப்பது, சூரியன் மறைகிற பாறை என்று ஐந்து வருடத்துக்கு முன் வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்தபோது அவளே சாக்கட்டியால் எழுதியது. எட்டாவது வரி: 'மணல் திட்டு. நடுக்கடலில் நடக்கலாம்.' இந்தக் கடைசி வரியை மட்டும் இப்போதெல்லாம் அவள் அடிக்கடி அழித்துவிடுவாள். மேனேஜர் அடிக்கடி திரும்ப எழுதிவைப்பார். மனிதர்கள் வருவதே அதற்காகத்தான் என்பது அவர் கட்சி, அதுவும் உண்மைதான்.

மணல் திட்டு தீவிலிருந்து படகில் நாற்பது நிமிடம். நாள் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். மதியம் கடல் வற்றும்போது வெள்ளையாக மேலே வரும், இரண்டு மணி நேரம் இருக்கும், பிறகு தண்ணீர் ஏறிவிடும். கணுக்கால் நனைய ஆரம்பித்தால் கிளம்பிவிட வேண்டும். அடுத்த அரை மணியில் அந்த இடத்தில் ஆள் நின்றால் தெரியாது. நான்கு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல். ஒரு மரம் இல்லை, ஒரு கல் இல்லை, நிழல் வேண்டுமென்றால் அவரவர் நிழலில்தான் நிற்க வேண்டும். ஜனங்கள் அங்கே இறங்கியதும் கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். கடலைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவர்களை அவள் விரல் விட்டு எண்ணிவிடுவாள்.

எண்ணுவதுதான் அவளுடைய வேலை. படகில் செருப்போடு ஏறக் கூடாது. படகுத்துறையில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் பெட்டி இருக்கும், எல்லோரும் செருப்பை அதில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். பெட்டியில் எத்தனை ஜோடியோ படகில் அத்தனை பேர். திரும்பும்போது தலைகளை எண்ணி இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். ஏட்டிலே எழுதிவைப்பதைவிட இது நம்பகமானது, ஏட்டில் பேர் மாறும், காலுக்குச் செருப்பு மாறாது. அவளுடைய செருப்பு பெட்டியில் இருக்காது. வேலை நாளில் அவள் செருப்பே போடுவதில்லை. எண்ணும்போது நின்றுகொண்டுதான் எண்ணுவாள். நிற்கிறவள் தன்னை எண்ணமாட்டாள்.

ஐந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு. அன்று காலையிலிருந்து தலைவலி. ஒன்பது ஜோடிச் செருப்பு, ஒன்பது பேர். திரும்பும்போது வெயிலில் கண்ணே திறக்க முடியாமல் கடைசி வரிசையில் எல்லோரோடும் உட்கார்ந்துவிட்டாள். வரிசையின் கோடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து ஒன்பது வரைக்கும் வந்தாள். சரியாக இருந்தது. கோடியில் இருந்தது அவளே. கேப்டன் மோட்டாரை முடுக்கிவிட்டார். பின்னால் தூரத்தில் ஏதோ பறவை கத்திய மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பினால் வலித்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டியைக் கழுவப் போனபோது அடியில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. தேய்ந்த பழுப்புத் தோல் செருப்பு. இடது வார் அறுந்து, வேறு நூலால் அழகாகத் தைத்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. தனியாக வந்திருந்த தையல்காரம்மா. நாற்பது வருடம் மிஷின் மிதித்துவிட்டு முதன்முறையாகக் கடல் பார்க்க வந்தவர். சின்ன உருவம், சின்னக் கை, எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். ஏணியில் கைகொடுத்து ஏற்றும்போது அவர் ஆள்காட்டி விரல் நுனி அவள் உள்ளங்கையில் பட்டது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போய், உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருந்தது. வலிக்குதா கண்ணு என்று அவரே கேட்டுச் சிரித்தார்.

ஆறு மணி. திட்டின் மேல் தண்ணீர் ஏறி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டிருந்தது.

அவள் கத்தியிருக்கலாம். மேனேஜரிடம் ஓடியிருக்கலாம். படகை எடுத்துத் தேடியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும், குறைந்தபட்சம் தேடினோம் என்றாவது இருந்திருக்கும். ஆனால் அந்த நிமிடத்தில் அவளுக்கு மகளின் முகம்தான் முன்னால் வந்தது. ஒன்பது வயது. அக்கரையில் பெரியம்மா வீட்டில் இருந்து படிக்கிறாள், வருடத்துக்கு ஒரு முறை லீவில் பத்து நாள் இங்கே வருவாள். பிரிந்துபோன கணவன் ஒரு காரணத்துக்காகத்தான் காத்திருந்தான். அம்மா ஒழுங்கில்லை என்று காட்ட ஒரு போலீஸ் கேஸ் கிடைத்தால் போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அந்தப் பத்து நாளும் போய்விடும்.

சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒவ்வொரு செருப்பாகக் கடலில் எறிந்தாள். மறுநாள் காலைப் படகில் கிளம்ப வேண்டியவர்தான் தையல்காரம்மா. அவருடைய துணிப்பெட்டியைக் கட்டி அந்தப் படகில் ஏற்றிவிட்டு, வரவேற்பறை ஏட்டில் 'கிளம்பினார்' என்று எழுதினாள். ஒரு மாதம் கழித்து அண்ணன் மகன் என்று ஒருவன் போன் செய்தான். கிளம்பிட்டாங்களே என்று மேனேஜர் ஏட்டைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அவளும் நினைத்தாள்.

அடுத்த வாரமே எண்ணிக்கை கூட ஆரம்பித்தது.

முதலில் எண்ணிக்கை மட்டும். பிறகு ஏணி. திட்டில் இடுப்பளவு தண்ணீரில் படகு நிற்கும், அவள் மேலே நின்று குனிந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்து இழுப்பாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்த, கீழேயிருந்து கைகள் வந்துகொண்டிருக்கும், வெதுவெதுப்பான கை, எண்ணெய் பூசிய கை, மோதிரக் கை. நடுவில் ஒரு கை. சின்னது, சில்லென்று. விரல் நுனியில் உப்புத்தாள். விட்டுவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது எல்லோரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு குரல். படகு திரும்பி நூறு அடி வந்ததும் பின்னாலிருந்து வரும். கோபமே இருக்காது அதில். பஸ்ஸைத் தவறவிட்ட யாரோ கேட்பது போல இருக்கும்.

"கண்ணு, நான் இன்னும் ஏறலயே."

ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். வெள்ளை மணலில் யாரும் இல்லை, ஆனால் ஒரு நிழல் இருந்தது. அன்றிலிருந்து கிளம்பும்போதே படகின் பின்பக்கத் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிடுவாள். சாரல் அடிக்குது என்று பயணிகளிடம் சொல்வாள். திரும்பக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் கூப்பிடட்டும். திரும்பாமல் இருந்தால் படகுத்துறையோடு அது போய்விடும்.

இந்த நிலையில்தான் மகள் லீவுக்கு வந்தாள்.

மகளுக்கு அவள் வைத்த பெயர் வாலு, பொருத்தமான பெயர். வந்து இறங்கிய அரை மணி நேரத்தில் ஊதாச் செருப்பைத் தட்டிக்கொண்டு விடுதி வாசலுக்குப் போய், கரும்பலகையில் இருந்த எட்டு வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றையும் முடித்ததும் பென்சிலால் ஒரு டிக். முதல் நாள் கலங்கரை விளக்கம்; படி நூற்று நாற்பது இல்லை, நூற்று முப்பத்தெட்டுதான் என்று மேனேஜரிடம் போய்ப் புகார் சொன்னாள். இரண்டாம் நாள் ஆமை. அம்மாவைப் போலவே பிள்ளைக்கும் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. அதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது, வேறு எந்த வருடமாக இருந்தாலும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

நான்காம் நாள் கண்ணாடிப் படகு. அதை நிறுத்துவது தீவுக்கு அருகில்தான், திட்டுப் பக்கம் போவதே இல்லை. அதனால் அவள் நிம்மதியாக இருந்தாள். படகின் அடியில் பதித்த கண்ணாடிக்கு மேல் எல்லோரும் குனிந்திருந்தார்கள். கீழே பவளமும் கோடு போட்ட மீன்களும் மிதந்து நகர்ந்தன. மகள் மட்டும் மீனைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

"அம்மா," என்றாள் மெதுவாக. "செருப்பு எட்டு ஜோடிதான இருந்துச்சு?"

"ஆமா. ஏன்?"

"ஒன்பது பேர் இருக்காங்களே."

"என்னையும் சேர்த்து எண்ணியிருப்ப," என்றாள்.

"உன்னை எண்ணல. நீ நிக்கிற இல்ல." மகள் யோசித்தாள். "அவங்களுக்குச் செருப்பு இல்லயாம்மா?"

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மீனைப் பார் என்று பிள்ளையின் தலையைக் கீழே திருப்பினாள்.

அன்று படகுத்துறையில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் ஒரு வரிசைக் காலடி ஈரமாகக் கிடந்தது. சூடான பலகையில் ஈரம் காய ஒரு நிமிடம்கூட ஆகாது. இது காயவில்லை. செருப்புப் பெட்டி வரைக்கும் வந்திருந்தது. அங்கே நின்றிருந்தது. பிறகு திரும்பிக் கடலுக்கே போயிருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் அது பெட்டியோடு நிற்கவில்லை. மணல் பாதையைத் தாண்டி, சமையலறையைச் சுற்றிக்கொண்டு, வேலையாட்கள் தங்கும் அறைகளின் தாழ்வாரத்துக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே தூங்குகிற நேரத்தில், பட்டப்பகலில், அவள் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஈரம். உப்பு வாடை. மழைக்காலத்தில் மூட்டையாகக் கிடக்கும் துணியின் வாடையும் அதோடு சேர்ந்திருந்தது. ஒன்பதாம் நாள் காலடிகள் மகள் கழற்றிவிட்டிருந்த ஊதாச் செருப்புக்கு நேர் எதிரில் நின்றிருந்தன. அந்தச் செருப்பும் ஈரமாக இருந்தது, யாரோ போட்டுப் பார்த்த மாதிரி.

பத்தாம் நாள் சாயங்காலப் படகில் மகள் ஊருக்குத் திரும்ப வேண்டும். நோட்டில் ஏழு டிக். எட்டாவது வரி வெறுமையாக இருந்தது. மணல் திட்டு வேண்டாம், அடுத்த வருடம் போகலாம், இன்று காற்று சரியில்லை என்று தினம் ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிவைத்தாயிற்று. அன்று மகள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பார்த்து அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மதியம் ஒன்றரைக்குப் படகுத்துறைக்குப் போனபோது வாலு முழங்காலைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவளுடைய மஞ்சள் துண்டு மடித்துவைத்திருந்தது. ஊதாச் செருப்பு நீலப் பெட்டியில்.

"நான்தான் ஏத்துனேன்," என்றார் கேப்டன். "தீவு முழுக்கப் பாத்துட்டு இதைப் பாக்காமப் போனா எப்படி? புள்ள முகத்தைப் பாரு."

இறங்கு என்று சொல்ல வாயெடுத்தாள். பயணிகள் பத்துப் பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறக்கிவிட்டால் பிள்ளை எங்கே போவாள்? அந்தத் தாழ்வாரத்துக்கு. தூங்குகிற விடுதியில், ஈர வாசற்படிக்கு, தனியாக. அதைவிடத் தன் கைக்குள் இருப்பது மேல். போகும்போதும் வரும்போதும் கையை விடாமல் பிடித்துக்கொள்வது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது. இரண்டரை மணி நேரம்தானே. அவள் பெட்டியில் பார்த்தாள். பதினொரு ஜோடி.

திட்டு அன்று அவ்வளவு அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்க, மணல் உப்பைக் கொட்டிப் பரப்பியது போல் மின்ன, தூரத்தில் வானமும் தண்ணீரும் எங்கே ஒட்டுகின்றன என்றே தெரியாமல் எல்லாம் ஒரே வெளிச்சமாக இருந்தது. மகள் துள்ளினாள். அவள் கையை விடவில்லை. சிப்பி பொறுக்கக் குனிந்தால் சேர்ந்து குனிந்தாள். வலிக்குதும்மா என்றதும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள், விடவில்லை. பயணிகள் கைகளை விரித்துப் படம் எடுத்தார்கள். நடக்கும்போது அவள் மணலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நிழல்களை எண்ணக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்ணிவிட்டாள். தன் நிழலை விட்டுவிட்டே பன்னிரண்டு.

விசிலை ஊதினாள். இன்னும் நேரம் இருக்கிறதே என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்பதானம்மா வந்தோம்."

"பேசாம வா," என்று கத்தினாள். பத்து நாளில் முதன்முறையாகப் பிள்ளையிடம் கத்தினாள். வாலு உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் கணுக்காலில் தண்ணீர் ஏறியிருந்தது.

படகருகே இடுப்பளவு தண்ணீர், பிள்ளைக்கு நெஞ்சளவு. முதலில் மகளை ஏற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவசரப்படுத்தியதில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏணிக்கு வந்துவிட்டார்கள். தடித்த ஒரு பெரியவர் இரண்டாவது படியில் வழுக்கி, தண்ணீரில் விழுந்து, எழ முடியாமல் உப்பு நீரைக் குடித்தார். இரண்டு கையும் வேண்டியிருந்தது. "என் சட்டையைப் பிடிச்சுக்கோ, விடாத," என்று சொல்லிவிட்டு மகளின் கையை விட்டாள். பெரியவரை அக்குளில் பிடித்துத் தூக்கினாள். கேப்டன் மேலேயிருந்து இழுத்தார். சட்டையின் பின்புறம் இழுபட்டுக்கொண்டே இருந்தது. இருக்கிறாள். பிறகு இன்னொருவர், அவருடைய மனைவி, புதுமணப் பெண். எத்தனை வினாடி. இருபது. முப்பது.

கையைப் பின்னால் நீட்டினாள். சின்னக் கை வந்து அதற்குள் புகுந்துகொண்டது.

தண்ணீரில் நின்று நின்று சில்லிட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஏறினாள், பிடித்துக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனாள், இன்னொரு கையாலேயே தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தாள். பின்பக்கம் இருண்டது. மஞ்சள் துண்டு பக்கத்தில் முக்காடாக மேலேறியது. கோபம் போலிருக்கிறது. இருக்கட்டும். ஊருக்குப் போவதற்குள் சமாதானம் செய்துகொள்ளலாம்.

எழுந்து நின்றாள். பிடித்த கையை விடாமலே எண்ணினாள். முன் வரிசை நான்கு. அடுத்தது நான்கு. அதற்கடுத்தது இரண்டு. பக்கத்தில் மஞ்சள் துண்டு.

பதினொன்று.

மறுபடி எண்ணினாள். பதினொன்று. மூன்று மாதத்தில் முதன்முறையாகப் பதினொன்றுக்குப் பதினொன்று. ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது. உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா போய்விட்டார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்ததில் ஏதோ சரியாகிவிட்டது. எதனால் என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு, கேப்டன். எண்ணிக்கை சரி."

மோட்டார் உறுமியது. படகு திரும்பியது. நூறு அடி போயிருக்கும்.

"அம்மா."

தார்ப்பாய்க்குப் பின்னால் இருந்து. தூரத்தில் இருந்து.

"அம்மா, நான் இன்னும் ஏறல."

போகவில்லை. குரலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பிள்ளையின் குரலையே எடுத்துக்கொண்டு, பிள்ளை அழும்போது வருகிற அந்த விக்கலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. எவ்வளவு தந்திரம். அவள் கையில் இருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கையும் அவளை இறுக்கியது. பயப்படாத வாலு, திரும்பிப் பாக்காத, ஒண்ணுமில்ல என்று முணுமுணுத்தாள்.

"அம்மா. அம்மா. அம்மா."

"கேப்டன், வேகமா எடுங்க," என்று கத்தினாள்.

அவர் எடுத்தார். மோட்டார் சத்தத்தில் குரல் சிறுத்துப் பறவை கத்துவது போல ஆகி, பிறகு அதுவும் நின்றது.

நாற்பது நிமிடம். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள், நிம்மதியில்தான் அழுதாள். இன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும். மகளோடு சாயங்காலப் படகில் தானும் ஏறிவிட வேண்டும். அக்கா வீட்டில் ஒரு மூலை இல்லாமலா போய்விடும். பக்கத்தில் துண்டு அசையவில்லை. தூங்கியிருப்பாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. நாற்பது நிமிடமும் விழுந்தது.

படகுத்துறை. பயணிகள் இறங்கினார்கள். நீலப் பெட்டியில் கைவிட்டுத் தங்கள் தங்கள் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நன்றாக இருந்தது, அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாதையில் போனார்கள். கேப்டன் கயிற்றைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவள் கையைப் பிடித்தபடி பலகையில் இறங்கினாள். பெட்டியில் ஒரே ஒரு ஜோடி இருந்தது. ஊதா.

"போட்டுக்கோடா," என்றாள். "அம்மா மேல கோவமா?"

அவள் உள்ளங்கைக்குள் அந்தக் கையின் ஆள்காட்டி விரல் மெல்ல அசைந்தது. ஆறுதல் சொல்வது போல, மேலும் கீழுமாக, ஒரே இடத்தில். தேய்த்தது.

சொரசொரப்பாக.

அவள் பக்கத்தில் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தாள். திட்டு இருக்கும் திசையில் வெயில் தகதகத்தது. மணல் இல்லை. வெள்ளை இல்லை. ஒரு புள்ளி இல்லை. கடல் முழுசாக, ஒரே மட்டமாக இருந்தது.

கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

கண்கள் தானாகக் கீழே போயின. மஞ்சள் துண்டின் ஓரம் தெரிந்தது. அதற்குக் கீழே, தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து உப்பிய ஒரு கால், நகங்கள் இல்லாத விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பொறுமையாக, அந்தச் சின்ன ஊதாச் செருப்புக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது.